பெரிய வீட்டுக் காற்று

முயல் ஆண்டு, இரண்டாம் மாதம், ஐந்தாம் நாள்
கியோதோகு உப்பளக் கரை

ஹிசாவுக்கு உன் அக்கா தோமே எழுதுவது.

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

உப்புப் படகுக்காரன் கிசுகே எடோவில் சரக்கு இறக்கிவிட்டு நேற்று திரும்பினான். கரையில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பெண்கள் உப்பு வாரிக்கொண்டிருந்தோம். படகிலிருந்து கால் இறக்குவதற்குள் கூவுகிறான்: "தோமேக்கா! தங்கச்சி கோயில்ல மந்திரம் ஓதுறாங்கன்னுல்ல சொன்னீங்க? கவாச்சி எண்ணெய்க் கடை வீட்ல இல்ல இருக்காங்க! அந்த வீட்டுச் சின்னப் பொண்ணு பின்னாடியே இவங்க உட்கார்ந்திருக்கணுமாம். அது கீழ்க்காத்து விட்டா இவங்க குனிஞ்சு 'அடியாளுதுங்க, மன்னிச்சிடுங்க'ன்னு சொல்லணுமாம். அதுக்குச் சம்பளமாம்!"

கரையே சிரித்தது. ஒருத்தி சிரித்துச் சிரித்து உப்புக்கூடையைக் கவிழ்த்தாள். நான் மட்டும் வாரிக்கொண்டே இருந்தேன். எதை வாரினேன் என்று எனக்கே தெரியாது.

கிசுகே அந்தச் சொல்லையே சொன்னான். நான்தான் கீழ்க்காற்று என்று எழுதுகிறேன். அதை எழுத என் கை கூசுகிறது. நம் அப்பா வீட்டில் அந்தச் சொல்லை யாரும் சொன்னதில்லை. அடக்க முடியாவிட்டால் அம்மா எழுந்து கடற்கரைக்குப் போவாள். நீ அதை உன்னுடையது என்று சொல்லி, அதில் சோறு தின்கிறாயா? சே!

உன் மகள் நாவோவுக்கு உப்பள மேஸ்திரி வீட்டிலிருந்து பேச்சு வந்திருப்பதை எழுதியிருந்தேன். பையன் சேய்ஜி தங்கமானவன். அவன் அம்மா கின் அம்மாளோ மூக்கு நுனியில் சுத்தம் வைத்திருப்பவள். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் தரையைத்தான் பார்ப்பாள். இது அவள் காதில் விழுந்தால் பேச்சு அன்றோடு முடிந்தது. கிசுகே புளுகினான் என்று ஒரு வரி எழுது. நிஜமென்றால் வேலையை விட்டுவிட்டு வா.

தோமே

●

இரண்டாம் மாதம், பதினோராம் நாள்
எடோ, கவாச்சி வீடு

அக்கா,

கிசுகே புளுகவில்லை. அவன் சொன்னதைவிடக் கேவலமானதுதான் இந்த வேலை.

வேலை இதுதான். இந்த வீட்டு மகள், சின்னம்மா ரியூவுக்குப் பதினேழு வயது. அவள் எங்கே போனாலும், நாடகக் கொட்டகை, தேநீர் விருந்து, கோயில் எங்கேயும், நான் அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் உட்கார வேண்டும். சத்தம் வந்தாலும் சரி, சத்தமில்லாமல் வந்தாலும் சரி, யாராவது மூக்கைச் சுருக்குவதற்குள் நெற்றி பாயில் பட நான் குனிய வேண்டும். "அடியாளுடையது, மன்னியுங்கள்." அதற்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். இன்னொருவர் திரும்பிப் பார்த்தால் மறுபடி குனிய வேண்டும். எத்தனை பேர் பார்க்கிறார்களோ அத்தனை தடவை. மொட்டைத் தலை பிக்குணி, வயதானவள், அவள் விட்டால் விடட்டும் என்று போய்விடுவார்கள். பெண் பிள்ளை இருக்கிற பெரிய வீடுகளில் எல்லாம் இப்படி ஒருத்தி உண்டு. நான் கண்டுபிடித்த தொழில் இல்லை.

நீ சே என்று எழுதினாய். இந்த வீட்டைப் பார்த்திருந்தால் உனக்கு வேறு வார்த்தையே வராது. சின்னம்மாவின் தாய், பெரியம்மா, காலையில் எழுந்ததும் என்ன செய்வாள் தெரியுமா? பாடும் குருவியின் எச்சத்தைப் பொடித்து, தண்ணீரில் குழைத்து, முகத்தில் பூசிக்கொள்வாள். தோல் வெளுக்குமாம். பிறகு அழகுக்குப் பல்லில் கருப்பு பூசுவாள். துருப்பிடித்த ஆணிகளைப் புளித்த கஞ்சியில் மாதக்கணக்கில் ஊறப்போட்ட சாறு. அந்த ஜாடியைத் திறந்தால் சமையல்கட்டில் பூனைகூட நிற்காது. அதை வாயில் தடவிக்கொண்டுதான் "சீச்சீ, என்ன நாத்தம்"னு என்னைப் பார்த்துச் சொல்வாள்.

இதையும் கேள். உரத்துக்காகப் பின்கட்டு மலக்கழிவை அள்ள முள்ளங்கித் தோட்டக்காரன் படகில் வருவான். வீட்டு எஜமான், பெரியவர், அவனோடு நின்று பேரம் பேசுவார். "இது பெரிய வீட்டுச் சரக்குப்பா. சந்துக் குடித்தனக்காரங்க சரக்கு மாதிரி நினைச்சியா? நாங்க திங்கிறது மீனு!" அவனும் குச்சியால் கிண்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவான். விலைக்குப் பதில் முள்ளங்கி இறக்குவான். அந்த முள்ளங்கியை உப்பில் ஊறப்போட்டு அதைச் சின்னம்மா தின்கிறாள். தின்றால் என்ன வரும்? அதற்குத்தான் நான்.

விட்டுவிட்டு வா என்கிறாய். எங்கே வர? என் புருஷனைக் கடல் கொண்டுபோனபின் உன் வீட்டில் ஒரு குளிர்காலம் இருந்தேன். நான் சோற்றுக் கிண்ணத்தை நீட்டும்போதெல்லாம் அத்தான் என் கிண்ணத்தைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. பார்த்தார். அந்தப் பார்வைக்குத்தான் எட்டு வருஷத்துக்கு முன் நான் தலையை மழித்துக்கொண்டு எடோவுக்கு வந்தேன். இங்கே யாரும் என் கிண்ணத்தைப் பார்ப்பதில்லை.

நாவோவிடம் மட்டும் சொல்லாதே.

ஹிசா

●

இரண்டாம் மாதம், இருபத்தோராம் நாள்

ஹிசா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு கை கழுவினேன். பறவை எச்சமா? முகத்திலா? இனி எடோக்காரி எவள் வெள்ளையாக வந்து நின்றாலும் எனக்கு அந்த நினைப்புதான் வரும்.

உன் அத்தானைப் பற்றி எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டவில்லை. அவர் எல்லோர் கிண்ணத்தையும் பார்ப்பார். என் கிண்ணத்தை இருபது வருஷமாகப் பார்க்கிறார். நான் எங்கே ஓடுவது? நீ ஓடினாய், மகளை என்னிடம் விட்டுவிட்டு ஓடினாய். அவளுக்கு அம்மை போட்டபோது நீயா பக்கத்தில் இருந்தாய்? நான்தான் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். அதை நான் சொல்லிக்காட்டக் கூடாது. சொல்லிவிட்டேன், போகட்டும்.

கின் அம்மாள் வந்திருந்தாள். வழக்கம்போலத் தரையைப் பார்த்தாள், பிறகு கேட்டாள்: "பொண்ணோட அம்மா எடோவுல என்ன பண்றாங்க?" நான் முழுப் பொய்யும் சொல்லவில்லை. "பிக்குணியா இருக்காங்க. பெரிய வீட்டுப் பொண்ணுக்குத் துணை. மத்தவங்க பாவத்தைத் தான் ஏத்துக்கிற மாதிரி ஒரு சேவை"ன்னேன். "அடேயப்பா, புண்ணியவதி!" என்று கைகுவித்தாள். நான் தேநீர் ஊற்றப் போய்விட்டேன்.

ஒன்று கேட்கிறேன். கேட்கவே அருவருப்பாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். சின்னப் பெண் தானே அவள், ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைக்கிற அளவுக்கா விடுகிறாள்?

தோமே

●

மூன்றாம் மாதம், ஒன்பதாம் நாள்

அக்கா,

விடுகிறாள். ஒளித்து ஒளித்துச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு தின்கிறாள். கிழங்குக்காரன் அடுப்பைச் சந்து முனையில் வைத்தால் போதும், வேலைக்காரியை அனுப்பிவிடுவாள். தோலை என் கைப்பைக்குள் போடுகிறாள். பை திறந்தால் அழுகல் வாடை. பை என்னுடையது என்பதால் அந்த வாடையும் என்னுடையது.

இந்த மாதம் ஆற்றங்கரையில் பூப்பார்க்கப் போனோம். பூ ஒரு சாக்கு. காகிதக் கடை வீட்டுப் பையன் எதிர்ப் பாயில் உட்கார்ந்து இவளைப் பார்க்க வேண்டும், அதற்குத்தான் ஏற்பாடு. மதுக்கிண்ணம் வந்தது, வாத்தியக்காரி நிறுத்தினாள், பேச்சும் ஓய்ந்தது. அப்போதுதான் ஒரு சத்தம். நான் குனிந்துவிட்டேன். பாயில் நெற்றி பட்டபிறகுதான் தெரிந்தது, சத்தம் எதிர்ப் பாயிலிருந்து வந்தது. பையனுடையது! அவனுக்குப் பின்னால் பிக்குணி கிடையாது. ஆம்பளைக்கு எதற்கு? அவன் என்னைப் பார்த்துவிட்டு, முகம் சுளித்து, விசிறியால் மூக்கை மறைத்துக்கொண்டான். அவன் விட்டதற்கு என்னைப் பார்த்து மூக்கை மூடுகிறான் அக்கா!

இரண்டு வீட்டாருக்கும் பரம திருப்தி. சம்பந்தம் ஏறக்குறைய நிச்சயமாயிற்று. பெரியம்மா வழியெல்லாம் சிரித்தாள். "நம்ம வீட்டு மொட்டை ரெண்டு வீட்டுக் காத்தையும் வாங்கிக்கிட்டா."

அதற்குப் பிறகுதான் மோசமாகப் போகிறது. சமையல்காரி மீனைக் கெட விட்டாள், பெரியவர் கத்தினார், பெரியம்மா என்னைப் பார்த்தாள். நான் மீன் இருந்த பக்கமே போகவில்லை. ஆனால் என் தலை குனிந்துவிட்டது. போன வாரம் சீனத்துக் கிண்ணம் ஒன்று உடைந்தது. உடைத்தது சின்னம்மா. அதற்கும் நான். "பேசினது காத்துக்கு மட்டும்தானேம்மா" என்று மெதுவாகச் சொன்னேன். "உனக்குத்தான் வாய் பழகிடுச்சே. எது உடைஞ்சா என்ன?" என்றாள்.

பழகித்தான்விட்டது. தெருவில் எவனோ இருமினால் மன்னியுங்கள் என்கிறேன்.  இந்த வாயைக் கழற்றி ஆற்றில் அலசினால் தேவலை.

ஹிசா

●

மூன்றாம் மாதம், இருபதாம் நாள்

ஹிசா,

பையன் விசிறியால் மூக்கை மூடிய இடத்தில் நான் சிரித்துவிட்டேன். பிறகு கோபம் வந்தது. இரண்டும் உண்மை.

மீனுக்கும் கிண்ணத்துக்கும் குனியாதே. காற்றுக்கு முகம் கிடையாது, யாருடையது என்று யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள், வந்த வேகத்தில் போய்விடும். கிண்ணம் அப்படியா?

கரையில் பேச்சு அடங்கவில்லை. நேற்று ஒரு சின்னவள் என் பக்கத்தில் உட்கார்ந்து வாயால் சத்தம் எழுப்பிவிட்டு, "தோமேக்கா, குனிய மாட்டீங்களா?" என்றாள். உப்பு மண்வெட்டியைக் கையில் எடுத்தேன். ஓடிவிட்டாள்.

நாவோவுக்குத் தெரிந்துவிட்டது. என் மேல் பழி போடாதே, உன் கடிதங்களை அரிசிப் பானைக்கு அடியில்தான் வைத்திருந்தேன். அவள் அரிசி எடுக்கப் போனாள். படித்துவிட்டு ஊசியை எடுத்தாள். உனக்கு ஒரு கைப்பை தைத்துக்கொண்டிருக்கிறாள்.

தோமே

●

நான்காம் மாதம், எட்டாம் நாள்

அக்கா,

இதை நிதானமாகப் படி. நடுவில் நிறுத்திக் கத்தாதே.

இந்தக் கவாச்சி வீட்டு எண்ணெய் பெரிய கோயிலுக்குப் போகிறது. புத்தருக்கு முன் எரிகிற விளக்குக்கு. கடுகெண்ணெய் என்று சொல்லித்தான் கொடுக்கிறார்கள். முந்தாநாள் கோயில் காரியக்காரப் பிக்கு இங்கிருந்து போன எண்ணெய் ஜாடி ஒன்றோடு வந்தார். பெரியவர் வரவேற்பறையில் உட்காரவைத்தார். சின்னம்மாவைத் தேநீர் கொண்டுவரச் சொன்னார்கள். அவள் பின்னால் நான்.

 பிக்கு அகல் ஒன்றை எடுத்து வைத்தார். ஜாடியிலிருந்து எண்ணெய் ஊற்றித் திரியை ஏற்றினார். எல்லோரும் அந்தச் சுடரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கோ சின்னம்மாவின் முதுகுதான் கண்ணுக்குத் தெரிந்தது. அவள் காலையில் கிழங்கு தின்றது எனக்குத் தெரியும்.

வாடை எழுந்தது. நெஞ்சை அடைக்கிற, அழுகிய வாடை. பிக்கு மூக்கைச் சுருக்கினார்.

நான் குனிந்துவிட்டேன். "அடியாளுடையது, மன்னியுங்கள்."

 பிக்கு என் பக்கம் திரும்பி, "என்னம்மா சொல்றீங்க? இது உங்க வேலையா?" என்றார். திரும்பிப் பார்த்தால் மறுபடி குனிய வேண்டும், அதுதானே வழக்கம். மறுபடி குனிந்தேன். தலையைத் தூக்கும்போதுதான் அந்த வாடை எனக்குப் பிடிபட்டது. மத்தி மீன் எண்ணெய். ஏழைகள் விளக்குக்கு ஊற்றுகிற மத்தி எண்ணெய். கோயில் விளக்கில், புத்தர் முகத்துக்கு முன்னால், மீன் எரிந்திருக்கிறது.

பெரியவருக்கு ஒரு நொடி கூட ஆகவில்லை. முகத்தைத் தொங்கப்போட்டு, "நானே சொல்லணும்னு இருந்தேன் சாமி. இந்தப் பொம்பளை கிடங்கிலே நுழைஞ்சு நல்ல எண்ணெயை வெளியே வித்துட்டு மீன் எண்ணெயைக் கலந்துட்டா. பிக்குணியாச்சேன்னு வாயை மூடிட்டிருந்தேன்" என்றார். மறுக்க எனக்கு எங்கே வழி? இரண்டு தடவை நானே ஒப்புக்கொண்டாகிவிட்டதே!

பிக்கு போன பிறகு கத்தினேன். தலைமைக் குமாஸ்தா என்னைக் கிடங்கில் தள்ளிக் கதவைச் சாத்தினான். உள்ளே வரிசையாக மத்தி எண்ணெய்ப் பீப்பாய்கள், எத்தனை வருஷமாக இந்தக் கலப்படமோ. பெரியம்மா எனக்குத் தேநீர் கொடுத்தாள், தன் கையால். "இதுவும் ஒரு காத்துன்னு நினைச்சுக்கோயேன்" என்றாள். அவள் பல்லிலிருந்து அந்த ஆணிச் சாறு வாடை என் முகத்தில் அடித்தது.

பதினைந்தாம் நாள் தலைமைப் பிக்குவே வருகிறார். அவர் முன் நான் இன்னொரு முறை குனிய வேண்டும். குனிந்தால் நடுவர் மன்றம்வரை போகாமல் முடித்துவிடுவார்களாம். என்னை வடக்கே ஏதோ மலைக்கோயிலுக்கு அனுப்பிவிடுவார்கள். திரும்பி வர முடியாது. "பிக்குணிக்கு ஏது சொந்தம்? உன் ஊருக்குச் சேதியே போகாது" என்கிறார் பெரியவர். அதற்குப் பதிலாக நாவோவுக்குக் கல்யாணப் பெட்டிகள், மெத்தைகள், பட்டு, எல்லாம் இந்த வீட்டிலிருந்து வரும். குனியாவிட்டால் திருடி என்று நடுவரிடம் ஒப்படைப்பார்கள். அப்போது ஊருக்கே சேதி வரும்.

அக்கா, எனக்கு அருவருப்பில் யோசனையே ஓடவில்லை. நீ சொல். நான் செத்துவிட்டேன் என்று நாவோவிடம் சொல்லிவிடலாம். பட்டு வந்தால் கின் அம்மாள் வாயை மூடிக்கொள்வாள். உன்னால் அதைச் சொல்ல முடியுமா?

ஹிசா

●

நான்காம் மாதம், பன்னிரண்டாம் நாள்

ஹிசா,

கிசுகே துடுப்போடு நிற்கிறான், சுருக்கமாக எழுதுகிறேன்.

குனியாதே.

அந்தப் பெட்டிகள் என் வாசலில் இறங்கினால் மெத்தையோடு சேர்த்து உப்புக் காய்ச்சும் அடுப்பில் வைப்பேன். மீன் வாடை அடிக்கிற பட்டை என் நாவோ உடுத்த மாட்டாள்.

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கின் அம்மாளுக்கு உன் வேலை தெரிந்துவிட்டது. கரையில் யாரோ சொல்லிவிட்டார்கள். பதினெட்டாம் நாள் வருகிறேன், பேச வேண்டும் என்று ஆள் அனுப்பியிருக்கிறாள். என்ன பேசப்போகிறாள் என்பது ஊருக்கே தெரியும். அதனால் கல்யாணத்துக்காகக் குனிகிறேன் என்று நினைக்காதே. அது போவதென்றால் போகட்டும்.

செத்துப்போனதாகச் சொல்லவா? நாவோவிடம் உன் கடிதத்தை நேரே படித்துக் காட்டினேன். அழவில்லை. "அம்மா விட்டதா இருந்தா மன்னிப்புக் கேக்கட்டும் பெரியம்மா. விடாததுக்கு எதுக்குக் கேக்கணும்?" என்றாள். பிறகு கொல்லைப்பக்கம் போனாள். கண் சிவந்துதான் வந்தாள்.

நாவோ தைத்த பையை கிசுகேயிடம் கொடுத்திருக்கிறேன். அதில் கிழங்குத் தோல் போட யாரையும் விடாதே.

தோமே

●

நான்காம் மாதம், பதினாறாம் நாள்
எடோ, உப்புப் படகுத் துறை

அக்கா,

துறையில் கிசுகேயின் சரக்குக் கொட்டகையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கவாச்சி வீட்டில் எனக்கு இனி இடமில்லை.

நேற்று தலைமைப் பிக்கு வந்தார். கிழவர், கண் சரியாகத் தெரியாது, மூக்கு மட்டும் கூர்மை. காரியக்காரர் பக்கத்தில் இருந்தார். பெரியவர், பெரியம்மா, குமாஸ்தா, எல்லோரும் துக்க வீடுபோல உட்கார்ந்திருந்தார்கள். நல்ல குடும்பம் என்று காட்ட சின்னம்மாவையும் உட்காரவைத்திருந்தார்கள். அவள் பின்னால், என் வழக்கமான இடத்தில், நான். மடியில் நாவோவின் பை.

பெரியவர் முழுக் கதையும் சொன்னார். நான் கிடங்குச் சாவியைத் திருடினது, பீப்பாயை மாற்றினது. எவ்வளவு அழகாகச் சொன்னார் தெரியுமா? கேட்டுக்கொண்டிருந்த எனக்கே அந்தப் பொம்பளை மேல் வெறுப்பு வந்தது. பிறகு என்னைப் பார்த்து, "சொல்லும்மா" என்றார்.

உன் கடிதம் என் மடியில்தான் இருந்தது. ஆனாலும் சத்தியமாகச் சொல்கிறேன், என் கழுத்து தானாகவே வளைய ஆரம்பித்தது. எட்டு வருஷப் பழக்கம். வளைந்துகொண்டிருந்தபோது சின்னம்மா விட்டாள்.

என்றைக்கும் இல்லாத சத்தம் அக்கா. பயத்தில் விட்டாளோ, வேண்டுமென்றே விட்டாளோ, அந்தப் பெண்ணின் உள்ளே என்ன ஓடியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கிழவர் தலையை நிமிர்த்தினார். எல்லாக் கண்ணும் என் மேல். பெரியம்மா விசிறிக்கு மேலாகக் கண்ணைக் காட்டினாள், ம், ம் என்று.

நான் பாதி வளைந்தபடி நின்றேன். பிறகு நிமிர்ந்தேன்.

"இது என்னுடையது இல்லை" என்றேன்.

அந்த வீட்டில் அதை நான் ஒரு நாளும் சொன்னதில்லை. சொன்னதும் வாய்க்கு ருசி கண்டுவிட்டது. "எண்ணெயும் என்னுடையது இல்லை. மீனும் இல்லை. கிண்ணமும் இல்லை. இந்த வீட்டில் என்னுடையது இந்தப் பை ஒன்றுதான்" என்றேன்.

பெரியவர், "பாத்தீங்களா சாமி, பொய்க்காரி! எல்லாருக்கும் தெரியும் இது இவளோடதுதான்னு" என்று எழுந்தார். கிழவர் கையைக் காட்டி உட்காரவைத்தார். மெதுவாகச் சின்னம்மா பக்கம் முகத்தைத் திருப்பினார். "குழந்தை, அது யாரோடது?" என்றார்.

ரியூ கழுத்துவரை சிவந்துவிட்டாள். பெரியம்மா அவள் தொடையைக் கிள்ளினாள், நான் பார்த்தேன். ரியூ அந்தக் கையைத் தள்ளிவிட்டாள். பிறகு நெற்றி பாயில் பட, என்னைப் போலவே, குனிந்தாள். "என்னுது சாமி. எப்பவும் என்னுதுதான்."

கிழவர் தலையாட்டினார். காரியக்காரரிடம், "கிடங்கைத் திறக்கச் சொல்லுங்க. இந்த வீட்ல எது யாரோடதுன்னு நாமே பார்த்துக்கலாம்" என்றார். திறந்ததும் மத்தி வாடை தெரு முனைவரை போனது. குமாஸ்தா பின்வாசல் வழியாக ஓடப் பார்த்து, கழிவு அள்ளுகிறவன் வாளியில் விழுந்தான். பெரிய வீட்டுச் சரக்கு.

நான் வெளியே வந்து சாக்கடை ஓரத்தில் நின்று வாந்தி எடுத்தேன். பெருமையாக இருக்கும் என்று நினைத்தேன், அப்படி ஒன்றும் இல்லை. எட்டு வருஷம் மற்றவர்கள் வயிற்றிலிருந்து வந்ததை என் வாயால் சொன்னேனே, அதெல்லாம் சேர்ந்து வெளியே வந்ததுபோல் இருந்தது. பிறகு பசித்தது.

கிசுகே படகில் ஏறச் சொல்கிறான். நான் ஏற மாட்டேன். பதினெட்டாம் நாள் கின் அம்மாள் வந்து பேசிவிட்டுப் போகட்டும். அன்றைக்கு என் மொட்டைத் தலை அங்கே தெரிய வேண்டாம். என்ன ஆயிற்று என்று எழுது. முறிந்தது என்றாலும் எழுது.

ஹிசா

●

நான்காம் மாதம், பதினெட்டாம் நாள்
கியோதோகு

ஹிசா,

கின் அம்மாள் வந்துவிட்டுப் போய்விட்டாள். நான் இன்னும் உப்புத்தண்ணீரில் வாய் கொப்பளித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஏன் என்று கேள்.

அவள் முறிக்கத்தான் வந்தாள். நல்ல நாளுக்குக் கட்டுகிற இடுப்புப் பட்டையை மூச்சு முட்ட இறுக்கிக் கட்டியிருந்தாள். புருஷன், சேய்ஜி, அவன் அண்ணி எல்லோரும் கூட வந்திருந்தார்கள். தரையைப் பார்த்தாள். நாவோ அன்று தரையைக் கண்ணாடிபோலத் துடைத்திருந்தாள், குற்றம் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. தேநீர் வைத்தோம். முள்ளங்கி ஊறுகாய் வைத்தோம். அதை ஒரு கை பார்த்துவிட்டு ஆரம்பித்தாள்.

"தோமேம்மா, நாங்க மானமா வாழுற குடும்பம். பொண்ணு மேல ஒரு குறையும் இல்ல. ஆனா அவங்கம்மா பண்ற அந்த அசிங்கம் பிடிச்ச வேலை..."

சொல்லிக்கொண்டே, வருத்தம் தெரிவிக்கிற பாவனையில், நன்றாக முன்னால் குனிந்தாள். பட்டை வயிற்றை அழுத்தியது.

வந்துவிட்டது.

சின்னதாக இல்லை ஹிசா. பின்னாலிருந்த காகிதக் கதவு அதிர்ந்தது. கின் அம்மாள் குனிந்தபடியே கல்லாகிவிட்டாள், நிமிரவில்லை. காது இரண்டும் சிவந்துபோயிற்று. அவள் புருஷன் கூரையைப் பார்த்தார். சேய்ஜி கண்ணை மூடிக்கொண்டான். அண்ணிக்காரி நாவோவைப் பார்த்தாள். அந்த அம்மாவின் மகள்தானே, இவள் குனிய மாட்டாளா என்பது போல! நாவோ முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், அசையவில்லை. உன் மகள்தான்.

அப்போது என் நெற்றி பாயில் பட்டது. எப்படி என்று கேட்காதே. என் வாய்தான் சொன்னது, என் காதுதான் கேட்டது: "அடியாளுடையது. மன்னியுங்கள்."

பக்கத்து அறையில் உன் அத்தான் எதையோ கீழே போட்டார்.

கின் அம்மாள் நிமிர்ந்தாள். என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். விட்ட இடத்திலிருந்து பேச வாயைத் திறந்தாள். அந்த அசிங்கம் பிடிச்ச வேலை என்கிற இடத்தில்தானே விட்டிருந்தாள்? அதற்குமேல் எந்தச் சொல்லை எடுத்தாலும் அவள் தொண்டையிலேயே மாட்டியது. மூடினாள். தேநீரைக் குடித்தாள். இன்னொரு துண்டு ஊறுகாய் எடுக்கப் போய், வேண்டாம் என்று வைத்துவிட்டாள்.

கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: "உங்க தங்கச்சி எப்ப வர்றாங்க? நிச்சயத்துக்கு அவங்க இருக்கணும்ல?"

இருப்பாங்க என்றேன்.

இப்போது எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. முள்ளங்கி தின்றது அவள், குனிந்தது நான். மாலையில் உன் அத்தான் சிரித்துச் சிரித்து இருமிவிட்டார். "தங்கச்சிக்குச் சம்பளமாவது உண்டு, உனக்கு?" என்கிறார். அவர் கிண்ணத்தைப் பிடுங்கி வைத்துவிட்டேன். அவர்தான் நாளை மறுநாள் உன்னை அழைத்துவரத் துறைக்கு வருகிறார். படகில் உன் மூட்டையை அவர்தான் தூக்குவார், சொல்லிவிட்டேன்.

குசு. கை கூசாமல் எழுதிவிட்டேன், பார்.

உன் படுக்கையை, கின் அம்மாள் உட்கார்ந்திருந்த அந்த முன்னறையில் போட்டிருக்கிறேன். கதவு ஜன்னல் எல்லாம் திறந்துதான் கிடக்கிறது, நீ வருவதற்குள் போய்விடும் என்று நினைக்கிறேன்.

தோமே